ஒரு மேலாடையில் தொடங்குங்கள்: யூதச் சட்டம், வரலாறு, இன்றைய அறக் கேள்விகள் – மாணவருக்கான முழு வழிகாட்டி

முதுகலை முதல் பருவத்தில் நான் எழுதிய முதல் கட்டுரை "யூத மதத்தின்படி" என்று தொடங்கியது. ஆசிரியர் அந்த இரண்டு சொற்களையும் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் மூன்று கேள்விகள் எழுதித் திருப்பிக் கொடுத்தார். யார் சொன்னது? எப்போது சொன்னது? மறுத்தவர் யார்? மதிப்பெண் குறைந்த வருத்தத்தில் அன்றைக்கு அவற்றைப் பொருட்படுத்தவில்லை. இந்தப் படிப்பு முழுவதும் அந்த மூன்று கேள்விகளுக்குள்தான் அடங்கியிருக்கிறது என்பது பின்னால் புரிந்தது. புதிதாக வருகிற மாணவருக்கு, எனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லித் தராத வரிசையில் இதை எழுதுகிறேன்.

முதல் படி: பெயர்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்

தமிழ் விவிலியத்தில் 'நியாயப்பிரமாணம்' என்ற சொல்லைப் பார்த்துப் பழகியவர்களுக்குத் தோரா என்றால் சட்டப் புத்தகம் என்ற எண்ணம் இருக்கும். தோரா என்ற எபிரேயச் சொல்லின் வேர் 'கற்பித்தல்'. அதில் கதை உண்டு, வம்சாவளி உண்டு, பாட்டு உண்டு, சட்டமும் உண்டு. யூதச் சட்டத்தைக் குறிக்கும் சொல் ஹலாகா. அதன் வேர் 'நடத்தல்'. ஆங்கிலத்தில் படிப்பவர்கள் இந்தச் சொல்லை விளக்க ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கிறது. நமக்கோ நட, நடை, நடத்தை, நடைமுறை என்று ஒரே வேரில் எல்லாம் கைவசம் இருக்கிறது. காலையில் கை கழுவுவது முதல் கடன் பத்திரம் எழுதுவது வரை ஹலாகாவுக்குள் ஏன் வருகிறது என்பது தமிழ் மாணவருக்கு எளிதில் பிடிபடும்.

நூல்களின் அடுக்கைப் பொறுத்தவரை ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டினால் போதும். அடியில் தோராவின் ஐந்து நூல்கள், அதாவது தமிழ் விவிலியத்தின் ஆதியாகமம் முதல் உபாகமம் வரை. அதன்மேல் மிஷ்னா: கி.பி. 200ஐ ஒட்டி ரபி (யூதச் சமய ஆசான்) யூதா ஹநாசி தொகுத்தது, 6 பிரிவுகள், 63 பகுதிகள். மிஷ்னாவை வரிக்கு வரி வாதாடிப் பார்ப்பது கெமாரா. இரண்டும் சேர்ந்ததே தல்மூத். அதில் எருசலேம் தல்மூத், பாபிலோனியத் தல்மூத் என இரண்டு உண்டு. வெறுமனே 'தல்மூத்' என்றால் பாபிலோனியத்தைத்தான் சொல்கிறார்கள். அதற்கும் மேலே இடைக்காலச் சட்டத் தொகுப்புகள்: 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸின் 14 நூல் கொண்ட மிஷ்னே தோரா, பிறகு சஃபேத் நகரில் யோசேப் காரோ எழுதி 1565இல் வெனிஸில் அச்சான ஷுல்ஹான் அருக்.

ஷுல்ஹான் அருக் என்றால் 'ஆயத்தமாக வைத்த மேசை'. போலந்தின் கிராகோவில் இருந்த ரபி மோசஸ் இசர்லிஸ், காரோ எழுதியது ஸ்பானிய வழி யூதர்களின் வழக்கம், எங்கள் பக்க வழக்கம் வேறு என்று குறிப்புகள் சேர்த்தார். அந்தக் குறிப்புகளின் பெயர் 'மேசை விரிப்பு'. புளித்த உணவை விலக்கும் பஸ்கா பண்டிகையில் காரோ அரிசிச் சோற்றை அனுமதிக்கிறார்; அதே பக்கத்தில் இசர்லிஸ் கூடாது என்கிறார். இருவரின் வரிகளும் ஒரே பத்தியில், வேறு வேறு எழுத்துருவில் அச்சாகியிருக்கும். "யூதர்கள் பஸ்காவில் அரிசி சாப்பிடுவார்களா?" என்று கேட்டால், எந்த ஊர் யூதர் என்று திருப்பிக் கேட்பதுதான் சரியான பதில்.

இரண்டாம் படி: எழுத்தும் கருவிகளும்

எபிரேய எழுத்துகள் 22. இரண்டு வாரத்தில் படித்துவிடலாம். வலமிருந்து இடம் போவது மூன்றாம் நாளில் பழகிவிடும். கெமாராவின் மொழி பெரும்பாலும் எபிரேயத்துக்கு உறவான அரமேயம் என்ற வேறு மொழி என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஆறு மாதம் எபிரேயம் படித்துவிட்டுத் தல்மூதைத் திறந்து, ஒரு வரியும் விளங்காமல் மூடிய நண்பர்கள் எனக்கு உண்டு. அந்த மொழிக்கு மார்கஸ் ஜாஸ்ட்ரோவின் 1903ஆம் ஆண்டு அகராதி இன்னும் மாணவர்களுக்குக் கைகொடுக்கிறது.

செஃபாரியா என்ற இலவசத் தளத்தில் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் அருகருகே கிடைக்கின்றன. தல்மூதுக்கு அங்கே இருப்பது ரபி அடின் ஸ்டைன்சால்ட்ஸின் விளக்கத்தை ஒட்டிய பதிப்பு. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, எல்லோரும் ஒருமுறையாவது விழுகிறார்கள். அந்த மொழிபெயர்ப்பில் தடித்த எழுத்தில் இருப்பதுதான் மூலத்தின் சொற்கள். சாதாரண எழுத்தில் இருப்பது இருபதாம் நூற்றாண்டு விளக்கம். தல்மூத் தந்தி வாசகம் போலச் சுருக்கமானது. ஐந்து சொல்லுக்கு இருபது சொல் விளக்கம் வேண்டியிருக்கும். இரண்டையும் கலந்து மேற்கோள் காட்டினால், ஸ்டைன்சால்ட்ஸ் சொன்னதை ஐந்தாம் நூற்றாண்டுப் பாபிலோனிய ரபி ஒருவரின் வாயில் திணித்ததாகிவிடும்.

மூன்றாம் படி: ஒரே ஒரு பக்கம், மூன்று வாரம்

தல்மூத் 2,711 தாள்கள். நாளுக்கு ஒரு தாள் வீதம் படித்தால் ஏழரை ஆண்டு ஆகும். ரபி மெயிர் ஷபிரோ 1923இல் தொடங்கிவைத்த இந்தச் சுற்றில் உலகம் முழுவதும் ஒரே நாளில் ஒரே தாளைப் படிக்கிறார்கள். பதினான்காவது சுற்று 2020 ஜனவரியில் தொடங்கியது. மாணவர் அதில் போய்ச் சேர வேண்டாம் என்பது என் கருத்து. ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஊரைப் பார்ப்பது போல ஆகிவிடும். ஒரு பக்கத்தை எடுத்து மூன்று வாரம் உட்காருங்கள்.

நான் பரிந்துரைப்பது பாவா மெட்சியா என்ற பகுதியின் முதல் பக்கம். தாள் எண் 2, முன்பக்கம். ஏறக்குறைய எல்லாப் பகுதிகளும் இரண்டாம் தாளில்தான் தொடங்குகின்றன. முதல் தாள் முகப்பு. பக்கத்தின் நடுவே மிஷ்னாவும் கெமாராவும் இருக்கும். தையல் ஓரத்தில் 11ஆம் நூற்றாண்டு பிரான்ஸைச் சேர்ந்த ராஷியின் உரை. வெளி ஓரத்தில் தோசஃபோத், அதாவது ராஷியின் பேரப்பிள்ளைகளும் அவர்கள் மாணவர்களும் எழுப்பிய மறுப்புகள். 1520களில் வெனிஸில் டேனியல் பாம்பெர்க் என்ற கிறிஸ்தவ அச்சகத்தார் நிலைப்படுத்திய அமைப்பு இது. மூலத்தைச் சுற்றி உரை, உரையைச் சுற்றி மறுப்பு. பரிமேலழகர் பக்கத்தில் பென்சிலால் சண்டை போட்டுப் பழகியவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

வழக்கு இதுதான். இருவர் ஒரு மேலாடையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். "நான் கண்டெடுத்தேன்" என்கிறான் ஒருவன். "நான் கண்டெடுத்தேன்" என்கிறான் மற்றவன். "முழுவதும் எனது" என்கிறான் இவன். "முழுவதும் எனது" என்கிறான் அவன். மிஷ்னாவின் தீர்ப்பு: தனக்கு உள்ள பங்கு பாதிக்குக் குறைவில்லை என்று ஒவ்வொருவனும் சத்தியம் செய்யட்டும், பிறகு பங்கிட்டுக்கொள்ளட்டும். ஒருவன் முழுவதும் எனது என்று சொல்ல, மற்றவன் பாதி எனது என்றால்? முதல்வனுக்கு முக்கால், இரண்டாமவனுக்குக் கால்.

இங்கே நிறுத்தி, கெமாராவைப் பார்க்காமல், உங்களுக்குத் தோன்றும் கேள்விகளை எழுதுங்கள். நான் எழுதியவை இரண்டு. ஏன் முக்கால், கால்? எதற்கு அந்த விசித்திரமான சத்தியம்? முதலாவதற்கு விடை எளிது: பாதி கேட்பவன் மறு பாதியை ஏற்கெனவே விட்டுக்கொடுத்துவிட்டான்; சண்டை மிச்சப் பாதிக்கு மட்டும்; அதை இரண்டாக்கினால் முக்காலும் காலும் வரும். (கணிதம் படிப்பவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரலாம். மூன்று மனைவியர் இறந்த கணவனின் சொத்தில் பங்கு கேட்கும் கெதுபோத் 93ஆம் தாள் வழக்கு, நூற்றாண்டுகளாகப் புரியாமல் கிடந்தது. இதே மேலாடை விதியை வைத்து 1985இல் அதை அவிழ்த்தவர்கள் ராபர்ட் ஆமன், மைக்கேல் மாஷ்லர் என்ற இரு கணிதவியலாளர்கள். ஆமன் பின்னாளில் பொருளாதார நோபல் பெற்றார்.)

இரண்டாவது கேள்வி ஆழமானது. முழுவதும் எனது என்று சொன்னவனை, பாதிதான் எனது என்று சத்தியம் செய்யச் சொன்னால் தன் வாயாலேயே தன் வழக்கை மறுத்ததாகும். முழுவதும் எனது என்று இருவரும் சத்தியம் செய்தால் ஒருவன் பொய்ச் சத்தியம் செய்வது உறுதி. நீதிமன்றமே அதற்கு உடந்தை. 'பாதிக்குக் குறைவில்லை' என்றால் இருவருக்குமே வாய் கூசாமல் சொல்ல முடியும். சரி, ஆளுக்குப் பாதி கையில் பிடித்திருக்கிறார்களே, எதற்குச் சத்தியம்? ரபி யோஹனான் காரணம் சொல்கிறார்: இல்லாவிட்டால் தெருவில் போகிறவனின் துணியை எவனும் பிடித்து இழுத்துக்கொண்டு "இது எனது" என்று வந்துவிடுவான்.

இதற்கிடையே கெமாரா நாம் நினைத்தே பார்க்காத ஒன்றைக் கேட்கிறது: "கண்டெடுத்தேன்" என்று சொன்ன பிறகு "முழுவதும் எனது" எதற்கு? ஒன்று போதாதா? மிஷ்னாவில் வீண் சொல் இராது என்ற நம்பிக்கையிலிருந்து வரும் கேள்வி அது. பல முயற்சிகளுக்குப் பிறகு, முதல் வரி கண்டெடுத்த பொருளைப் பற்றியது, இரண்டாவது விலைக்கு வாங்கிய பொருளைப் பற்றியது என்று ஒரு விடை வருகிறது. முடிவைவிட, தள்ளப்பட்ட விடைகள் எல்லாம் பக்கத்தில் அப்படியே இருப்பதைக் கவனியுங்கள். தோற்ற தரப்பின் கருத்தை ஏன் எழுதிவைக்க வேண்டும் என்று மிஷ்னாவே ஓரிடத்தில் கேட்டு, பின்னால் வரும் நீதிமன்றம் ஒன்று அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கலாம் என்கிறது.

நான்காம் படி: தனியாகப் படிக்காதீர்கள்

இந்த நூலை இருவராக, சத்தமாக, எதிரெதிரே உட்கார்ந்து படிப்பது மரபு. அந்த இணைக்கு ஹவ்ரூதா என்று பெயர். ஒருவர் வாசிப்பார், மற்றவர் நிறுத்துவார். என் இணை ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். பழைய ஏற்பாடு அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எனக்கு அது தெரியாது. அவளுக்கு வாதாடத் தெரியாது. அது நல்ல சேர்க்கையாக இருந்தது. உங்களோடு ஒத்துப்போகிற ஒருவரை மட்டும் தேடிப் பிடிக்காதீர்கள்.

ஐந்தாம் படி: ஆண்டுகளைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுங்கள்

வரலாற்றைத் தனிப் பாடமாக மனப்பாடம் செய்தால் ஒட்டாது. ஒவ்வோர் ஆண்டுக்கும் பக்கத்தில், அதனால் சட்டத்தில் என்ன மாறியது என்று ஒரு வரி எழுதுங்கள். கி.பி. 70இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள்; பலி நின்றது; யாவ்னே என்ற ஊரில் கூடிய அறிஞர்கள் கையில் வழிபாடு ஜெபமாகவும் படிப்பாகவும் மாறியது. 1000ஐ ஒட்டி ஜெர்மனியில் ரபி கெர்ஷோம் பெயரில் ஒரு தடை: ஒருவனுக்கு இரு மனைவியர் கூடாது, மனைவியின் சம்மதமின்றி மணமுறிவு கூடாது. அது ஜெர்மனி, பிரான்ஸ் வழி வந்த அஷ்கெனாசி யூதர்களைத்தான் கட்டியது; ஏமன் யூதர்களிடையே பலதார மணம் இருபதாம் நூற்றாண்டு வரை இருந்தது. 1242இல் பாரிஸில் வண்டி வண்டியாகத் தல்மூதைக் கொளுத்தினார்கள்.

நமக்கு எட்டும் தூரத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. கி.பி. 1000ஐ ஒட்டிச் சேர மன்னர் பாஸ்கர ரவி வர்மன், யோசேப்பு ரப்பான் என்ற யூத வணிகருக்குக் கொடுத்த செப்பேடு கொச்சியில் இருக்கிறது. வட்டெழுத்தில், 'இசுப்பு இரப்பான்' என்று அவர் பெயரோடு, பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம் என அவருக்குத் தரப்பட்ட உரிமைகளைப் பட்டியலிடுகிறது. கல்வெட்டுத் தமிழ் கொஞ்சம் தெரிந்தால் நீங்களே படித்துவிடலாம். (இந்தப் பாவாடை நடந்து போவதற்குத் தரையில் விரிக்கும் துணி.)

கெய்ரோவின் பழைய ஜெப ஆலயம் ஒன்றின் காகிதக் குவியலில் இருந்து வந்தவை கெனீசா ஆவணங்கள் எனப்படும். கிழிந்தாலும் கடவுள் பெயர் இருக்கக்கூடிய காகிதத்தை எறியக் கூடாது என்ற வழக்கத்தால் சேர்ந்த குவியல் அது. 1132இல் மங்களூரில் ஆபிரகாம் பென் யிஜு என்ற வணிகர், ஆஷு என்ற அடிமைப் பெண்ணை விடுவித்து எழுதிய பத்திரமும் கெனீசா வழியாக நமக்குக் கிடைத்திருக்கிறது. விடுவிக்கப்பட்ட பெண்ணும் அவள் பிள்ளைகளும் முழு யூதர்களா? 16ஆம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்து இதே வகைக் கேள்வி கெய்ரோவின் ரபி தாவீத் இபின் சிம்ராவுக்குப் போனது. முறைப்படி சடங்கு முடிந்துவிட்டால் அவர்களும் யூதர்களே, மணவுறவு கொள்ளலாம் என்பது அவர் பதிலின் சாரம்.

தீர்ப்பைப் படித்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். நானூறு ஆண்டு கழித்தும், கொச்சி பரதேசி ஜெப ஆலயத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று சொல்லிச் சிலரை உள்ளே இருக்கையில் உட்கார விடவில்லை. ஏ.பி. சேலம் என்ற வழக்கறிஞர், காந்தி வழியில் அந்த ஆலயத்துக்குள்ளேயே போராட வேண்டியிருந்தது. சாதி என்ற காற்று வீசும் ஊரில் ஹலாகாவும் அந்தக் காற்றைத்தான் சுவாசித்தது. ஏட்டில் இருப்பது ஒரு தரவு. நடந்தது இன்னொரு தரவு. கட்டுரையில் இரண்டுக்கும் தனித்தனி இடம் வேண்டும்.

ஆறாம் படி: இன்றைய கேள்வி ஒன்றை வேர் வரை தோண்டுங்கள்

மூளைச்சாவை எடுத்துக்கொள்ளலாம். செயற்கைச் சுவாசக் கருவியில் ஒருவர். மூளைத்தண்டு செத்துவிட்டது, இதயம் துடிக்கிறது. அவர் இறந்துவிட்டாரா? ஆம் என்றால் இதயத்தை எடுத்து இன்னோர் உயிரைக் காக்கலாம், காப்பது கடமையும்கூட. இல்லை என்றால் எடுப்பது கொலை. நடுவில் நிற்க இடமில்லாத கேள்வி.

வேர் ஓர் இடிபாட்டில் இருக்கிறது. சபாத் என்ற வார ஓய்வுநாளில் ஒருவர் மேல் கட்டடம் இடிந்து விழுகிறது. உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா, உயிரோடு இருக்கிறாரா, யூதரா பிறரா என்று எந்தச் சந்தேகம் இருந்தாலும் ஓய்வுநாள் தடையை மீறித் தோண்டு என்கிறது யோமா பகுதியின் மிஷ்னா. இறந்தது தெரிந்தால் நிறுத்த வேண்டும். அப்படியானால் எதுவரை தோண்டிப் பார்ப்பது? கெமாரா, 85ஆம் தாள்: மூக்கு வரை. சிலர் சொல்கிறார்கள்: இதயம் வரை. எருசலேம் தல்மூதில் இரண்டாவது கருத்து தொப்புள் வரை என்று இருக்கிறது. மூக்குக்கு ஆதாரம் ஆதியாகமம் 7:22, 'நாசியிலே ஜீவசுவாசமுள்ள' உயிர்கள்.

இடிபாட்டில் கையால் தடவிப் பார்க்கிற ஒருவருக்குச் சொன்ன விதி இது. 1772இல் ஜெர்மனியின் மெக்லன்பர்க் பிரபு, உயிரோடு புதைத்துவிடும் அச்சத்தில், உடனே அடக்கும் வழக்கமுள்ள யூதர்களும் மூன்று நாள் கழித்தே அடக்கம் செய்ய வேண்டும் என்று ஆணையிட்டபோது அது மீண்டும் எழுந்தது. யூதத் தத்துவ அறிஞர் மோசஸ் மெண்டல்சோன் அரசின் கவலை நியாயம் என்றார். ரபி யாகோபு எம்டன் மறுத்தார். பின்னர் ஹதம் சோஃபர் என்று அறியப்படும் ரபி, கல்லைப் போல அசைவற்றுக் கிடந்து, நாடி நின்று, பிறகு மூச்சும் நின்றால் மரணம் என்று எழுதினார். இந்த ஒரு வாக்கியத்தை இன்று இரு தரப்பும் மேற்கோள் காட்டுகின்றன. மூச்சுதான் இறுதி அளவுகோல், மூளைத்தண்டு செத்தவர் தானாக மூச்சுவிட முடியாது, ஆகவே இறந்தவர் என்பது ஒரு தரப்பு. நாடியையும் சொல்லியிருக்கிறாரே என்பது மறு தரப்பு. 1986இல் இஸ்ரேலின் தலைமை ரபி மன்றம் முதல் தரப்பை ஏற்றது. ஷ்லோமோ சல்மான் ஆவர்பாக் போன்ற பெரும் அறிஞர்கள் ஏற்கவில்லை. 2008இல் இஸ்ரேல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், மருத்துவரின் சோதனையோடு கருவிச் சோதனையையும் கட்டாயமாக்கியது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'மூளை-சுவாச மரணம்' என்று சுவாசம் வந்து உட்கார்ந்திருக்கிறது. மூக்கு வரை தோண்டிய கை அது.

இதே முறையில் மற்றவற்றையும் தோண்டலாம். மணமுறிவுப் பத்திரம் தர மறுக்கும் கணவனால் கட்டுண்டு கிடக்கும் அகூனாப் பெண்களின் நிலை, இஸ்ரேலில் 1953 முதல் யூதர்களின் திருமணமும் மணமுறிவும் ரபி நீதிமன்றங்களின் கையில் இருப்பதால் இன்னும் கூர்மையானது. இங்கே ஹலாகாவையும் இஸ்ரேல் நாட்டுச் சட்டத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டும் ஒன்றல்ல, சில இடங்களில் மட்டும் பின்னிக்கொண்டிருக்கின்றன. ஓட்டுநரில்லாக் கார் யாரைக் காப்பது என்ற விவாதத்துக்கு, பலரை நோக்கிப் பறக்கும் அம்பை ஒருவர் மேல் திருப்பலாமா என்று ஹஸோன் இஷ் என்ற ரபி எழுதிய குறிப்பிலிருந்து தொடங்கலாம்.

ஏழாம் படி: எழுதும்போது

மேற்கோளில் பகுதியின் பெயர், தாள் எண், முன்பக்கமா பின்பக்கமா என மூன்றும் வேண்டும். இது வெறும் ஒழுங்கு அல்ல. தல்மூதின் பெயரில் வெட்டி ஒட்டிய, திரித்த, சில சமயம் இல்லவே இல்லாத வாசகங்கள் யூத வெறுப்புப் பிரசுரங்களில் நூற்றைம்பது ஆண்டுகளாகச் சுற்றி வருகின்றன. இன்று கைப்பேசியிலும் வருகின்றன. தாள் எண்ணைத் திறந்து பாருங்கள், முன்னும் பின்னும் பத்து வரி படியுங்கள். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: சங்கடமான வரிகளை ஒளித்துவிட்டு, தேன் தடவிய வரிகளை மட்டும் எடுத்துக் காட்டுவது. இன்றைய தீர்ப்பு என்றால் எந்தப் பிரிவினருடையது என்று சொல்லுங்கள். மரபுவழி ஆர்த்தடாக்ஸுக்கும் சீர்திருத்த ரிஃபார்முக்கும் இடைப்பட்ட அமெரிக்கக் கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக் குழு, 2006 டிசம்பரில் ஒருபாலுறவு குறித்து ஒன்றுக்கொன்று முரணான தீர்ப்புகளை ஒரே கூட்டத்தில் செல்லும் என்று ஏற்றது. ஆர்த்தடாக்ஸ், ரிஃபார்ம் பிரிவினருக்கு அவை கட்டுப்பாடே இல்லை.

மேலாடைக்குப் பிறகு எதை எடுப்பது என்று கேட்டால், மக்கோத் பகுதியின் மிஷ்னா, முதல் அதிகாரம், பத்தாம் பத்தி. ஏழாண்டில் ஒருவருக்கு மரண தண்டனை கொடுக்கும் நீதிமன்றம் நாசகார நீதிமன்றம் எனப்படும். ரபி எலெயாசர் பென் அசரியா: எழுபது ஆண்டில் ஒருவர் என்றாலும் அப்படித்தான். ரபி தர்ஃபோனும் ரபி அகிவாவும்: நாங்கள் அந்த மன்றத்தில் இருந்திருந்தால் யாருமே கொல்லப்பட்டிருக்க மாட்டார்கள். ரப்பான் சிமியோன் பென் கமாலியேல்: இவர்களால் நாட்டில் கொலைகாரர்கள்தான் பெருகியிருப்பார்கள். கடைசி வார்த்தை எதிர்த்தவருடையது. படிக்கும்போது 'இருந்திருந்தால்' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். ஆலயம் இடிபடுவதற்கு நாற்பது ஆண்டு முன்பே மரண தண்டனை வழக்குகள் நின்றுவிட்டன என்று தல்மூதே வேறோர் இடத்தில் சொல்கிறது. அகிவா அப்படி ஒரு மன்றத்தில் உட்கார்ந்ததே இல்லை.